வேப்பம்பட்டுக் குளிருக்கு ஒரு ஜெர்கின்

மார்கழி பிறந்துவிட்டால், சென்னைக்கு மேற்கே உள்ள வேப்பம்பட்டு ரயில் நிலையத்துக்கு விடியற்காலை வண்டியைப் பிடிக்க சைக்கிள் மிதித்து வருகிறவர்கள் ஜெர்கின் போடத் தொடங்கிவிடுவார்கள். பால் போடுகிறவர், பேப்பர் போடும் பையன், அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் ஷிப்டுக்குப் போகிறவர், பூண்டி ஏரி வரை மிதித்துவிட்டு வெயில் ஏறுமுன் வீடு திரும்பும் ஐ.டி. ஊழியர் என எல்லார் மேலும் ஏதாவது ஒன்று இருக்கும். அந்த நேரத்து வெப்பநிலை பெரும்பாலும் 20, 21 டிகிரி செல்சியஸ். கடலிலிருந்து தள்ளி இருப்பதால் மெரினா பக்கத்தைவிட இங்கே ஓரிரு டிகிரி குறையலாம், அவ்வளவுதான். லண்டனில் இது நல்ல கோடை நாளின் வெப்பம். நுங்கம்பாக்கத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எடுத்துவரும் அளவுகளில்கூட ஆகக் குறைந்தது 13.9 டிகிரிதான். இந்த ஊரில் சைக்கிள் ஓட்ட ஜெர்கின் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு.

தேவைதான். ஆனால் கடையில் முதலில் எடுத்துக் காட்டுகிறார்களே, உள்ளே பஞ்சோ ஸ்பாஞ்சோ வைத்துத் தைத்த கனமான ஜெர்கின், அது தேவையில்லை. அது பைக்கில் போகிறவருக்காகத் தைத்தது. பைக்கில் உட்கார்ந்திருப்பவருக்கும் சைக்கிள் மிதிப்பவருக்கும் காற்று ஒன்றாகவே அடித்தாலும் உடலுக்குள் நடப்பது முற்றிலும் வேறு. அந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் எதை வாங்குவது என்பது தானாகவே தெளிந்துவிடும்.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பைக் ஓட்டுகிறவர் ஏறக்குறைய அந்தக் கணக்குதான். எஞ்சின் வேலை செய்கிறது, அவர் கைப்பிடியைப் பிடித்திருக்கிறார். சைக்கிளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் போக, பெடலில் சுமார் 80 வாட் செலுத்த வேண்டும். தசைகள் எரிக்கும் ஆற்றலில் 20 முதல் 25 விழுக்காடுதான் பெடலுக்கு வந்து சேரும், மற்றதெல்லாம் வெப்பம். ஆக 80 வாட் உழைப்புக்கு 250, 300 வாட் வெப்பம் உடலுக்குள் பிறக்கிறது. ரேசிங் சைக்கிளில் குனிந்து 28, 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அது 500 வாட்டையும் தாண்டும். இத்தனை வெப்பத்தையும் உடல் உடனுக்குடன் வெளியே தள்ளியாக வேண்டும். பஞ்சு வைத்த ஜெர்கின் அந்த வழியை அடைத்துவிடுகிறது. அதைப் போட்டு மிதிப்பவர் செவ்வாப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் வியர்த்து நனைந்துவிடுவார்.

அப்படியானால் குளிர்வது ஏன்? தோலை ஒட்டிச் சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு வெதுவெதுப்பான காற்றுப் படலம் எப்போதும் இருக்கிறது. நம்மைக் கதகதப்பாக வைத்திருப்பது அதுதான். காற்று வீசினால் அந்தப் படலம் அறுந்துபோகும். சைக்கிள் ஓட்டுகிறவர் தனக்கான காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மரத்தில் இலை அசையாத விடியலிலும் அவர் மேல் 25 கிலோமீட்டர் காற்று அடிக்கிறது. நின்ற காற்றில் தோலிலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் போல ஆறேழு மடங்கு அந்தக் காற்றில் வெளியேறும். தோல் 33 டிகிரி, வெளிக்காற்று 21 டிகிரி என்றால், காற்றை நேராக எதிர்கொள்ளும் தோலில் ஒரு சதுர மீட்டருக்கு 300 வாட் அளவுக்குப் போய்விடும். உடல் உண்டாக்கும் வெப்பமும் அதே அளவுதான். வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக நிற்கும் இடத்தில் நாம் நிற்கிறோம். வேகம் கூடினாலும், வடக்கிலிருந்து வாடை வீசினாலும், சட்டை நனைந்தாலும் கணக்கு குளிரின் பக்கம் சாய்கிறது. லெவல் கிராசிங்கில் கேட் மூடி நின்றால் ஒரே நிமிடத்தில் வியர்வையின் பக்கம் சாய்கிறது.

காற்றுக்கும் குளிருக்கும் உள்ள உறவை முதலில் அளந்தவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரு அமெரிக்கர்கள். 1940-களின் தொடக்கத்தில் அன்டார்க்டிகாவில் ஒரு சிறு பிளாஸ்டிக் குடுவையில் தண்ணீர் ஊற்றிக் காற்றில் வைத்து, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார்கள். 1945-இல் அதை வெளியிட்டார்கள். காற்றுக்குளிர் எண் அங்கேதான் தொடங்கியது. 2001-இல் அமெரிக்காவும் கனடாவும் அந்தச் சூத்திரத்தைத் திருத்தி எழுதின. ஆனால் 10 டிகிரிக்கு மேல் அந்தச் சூத்திரம் செல்லாது. 'டிசம்பர் காலையில் நமக்கு 12 டிகிரி போல இருக்கிறது' என்று அதைப் போட்டு யாராவது கணக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். நமக்குப் பொருந்துவது மேலே சொன்ன வரவு செலவுக் கணக்குதான்.

அந்தக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. சைக்கிள் ஓட்டும்போது காற்று உடல் முழுவதும் சமமாக அடிப்பதில்லை. நெஞ்சு, வயிறு, தோள், முன்கை, முழங்கால் ஆகியவை அதை எதிர்கொள்கின்றன. முதுகு அதன் மறைவில் இருக்கிறது. நெஞ்சு சில்லிட்டுப்போன அதே நேரத்தில் முதுகில் வியர்வை வழிவது இதனால்தான். ஆகவே நம் ஊர் விடியலுக்கு வேண்டிய உடை முன்பக்கம் காற்றைத் தடுக்க வேண்டும், பின்பக்கம் திறந்திருக்க வேண்டும். ஆல்ப்ஸ் மலை உச்சியை ஏறி முடித்த பந்தய வீரர்கள், இறக்கம் தொடங்குமுன் ஒரு செய்தித்தாளை வாங்கி ஜெர்சிக்குள் நெஞ்சோடு செருகிக்கொள்ளும் வழக்கம் நெடுநாள் இருந்தது. காகிதம் கதகதப்பு தருவதில்லை. காற்றை நிறுத்துகிறது, அதுவே போதும். பேப்பர் போடும் பையனிடம் ஜெர்கின் இல்லையென்றால், மிச்சமான ஒரு தாளைச் சட்டைக்குள் விரித்து வைத்துக்கொண்டாலே அவன் குளிரில் பெரும்பகுதி போய்விடும்.

காற்றை நிறுத்தத் தடிமன் தேவையில்லை, நெசவின் நெருக்கம் போதும். நெருக்கமாக நெய்த மெல்லிய நைலானோ பாலியெஸ்டரோ, கையில் எடுத்தால் எடையே தெரியாத துணி, உள்ளே எந்த லைனிங்கும் இல்லாமல் தைத்தது. விண்ட்சீட்டர் என்று கேட்டால் தருவார்கள். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று தாராளமாகப் போனால் வேண்டாம். சிறிதுகூடப் போகவில்லை என்றால் அது பூச்சு பூசிய மழைத்துணி. அதுவும் இதற்கு வேண்டாம். மூச்சைக் கட்டி ஊதினால் மறுபுறம் கொஞ்சமாகக் கசிய வேண்டும். முதுகிலோ அக்குளிலோ வலைத்துணி வைத்துத் தைத்திருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். ஜிப் முன்பக்கம் முழுநீளத்துக்கு இருக்க வேண்டும். நமக்குள்ள மிகச் சிறந்த வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி அந்த ஜிப்தான்: கேட்டில் நிற்கும்போது கீழே இழுத்து, வண்டி நகர்ந்ததும் மேலே ஏற்றிவிடலாம். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கிப் பின்பாக்கெட்டில் போக வேண்டும், ஏனென்றால் ஏழரை மணிக்கு அதைக் கழற்றப் போகிறோம்.

இதுவரை சொன்னது மார்கழி, தை மாதங்களின் வறண்ட விடியலுக்கு. உண்மையில் இந்தப் பகுதிச் சைக்கிள்காரரை வாட்டுவது அதுவல்ல, ஈரம். ஆனி முதல் புரட்டாசி வரை, மாலையில் வேலை முடிந்து அம்பத்தூரிலிருந்தோ ஆவடியிலிருந்தோ மேற்கே திரும்புகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பகல் முழுக்க 36, 37 டிகிரி கொளுத்தியிருக்கும். வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் எழும் இடிமேகங்கள் மேல்காற்றில் மிதந்து கிழக்கே வரும். கடற்காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து உள்ளே வந்து அவற்றுக்கு ஈரத்தையும் மேலெழும் உந்துதலையும் கொடுக்கும். நகரத்துக்கு முன்பே திருவள்ளூர் வட்டாரம் அந்த மழையை வாங்கிக்கொள்ளும். முதல் துளி விழுவதற்குச் சில நிமிடங்கள் முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு குளிர்ந்த காற்று வருமே, அதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். மேகத்திலிருந்து விழும் மழை, வழியிலுள்ள வறண்ட காற்றில் ஓரளவு ஆவியாகிறது. ஆவியாவதற்கான வெப்பத்தை அந்தக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்து கனத்த காற்று பொத்தென்று கீழே இறங்கி, தரையில் மோதி நாலாபுறமும் பரவுகிறது. கால்மணி நேரத்தில் வெப்பநிலை எட்டு, பத்து டிகிரி சரிந்துவிடும்.

அந்த நேரத்தில் சைக்கிள்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள். வெயிலில் மிதித்துச் சட்டை வியர்வையில் ஊறியிருக்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அதை உடலிலிருந்து எடுக்கும். வெயிலில் இதே ஆவியாதல்தான் அவரைக் காப்பாற்றியது. இப்போது குளிர்ந்த பலத்த காற்று அதே வேலையை வேண்டாத நேரத்தில் செய்கிறது. மழையும் சேர்ந்தால் துணிக்குள் இருந்த காற்றையெல்லாம் நீர் துரத்திவிடும். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். 25 டிகிரியில் ஒருவர் நடுங்குவதற்கு இவ்வளவு போதும். வெப்பத்துக்குப் பழகிய உடல் சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், அதிகமாகவும் வியர்க்கும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். சென்னை உடல் கோடைக்காகக் கற்றுக்கொண்ட பாடம் அது.

எனவே ஜெர்கினைவிட அதற்குள் போடுவதே முக்கியம் என்று நான் சொல்வேன். பருத்தி பனியன் நம் ஊர் வெயிலுக்கு அருமையானது. வியர்வையைத் தாங்கிப் பிடித்து மெல்ல மெல்லக் காயும், அந்த நேரமெல்லாம் குளிர்ச்சி தரும். அதே குணம் குளிர்க்காற்றில் தொல்லை. பருத்தி இழை சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் எட்டு விழுக்காடு ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட வாங்குவதில்லை. நீர் அதன் இழைகளுக்கு இடையில்தான் தங்கும், சீக்கிரம் போய்விடும். திருப்பூரில் இப்போது பருத்தியோடு இந்த ரக விளையாட்டுச் சட்டைகளையும் பின்னுகிறார்கள். பிளாட்பாரக் கடையில்கூடக் கிடைக்கிறது. இன்னும் நல்லது வலை பனியன். நார்வே ராணுவ அதிகாரி ஹென்ரிக் புருன் 1933-இல் மீன்பிடி வலையை வைத்து அப்படி ஓர் உள்ளாடை செய்து பார்த்தார். வலையின் கண்களில் காற்று தேங்கி நிற்கிறது, ஈரத்துணி தோலில் ஒட்டுவதில்லை. பனிப்பிரதேசத்துக்காகச் செய்த அந்த யோசனை நம் புழுக்கத்துக்கும் பொருந்துகிறது.

அடுத்தது மழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும்போது பகலெல்லாம் 24, 25 டிகிரியிலேயே நிற்கும் நாட்கள் உண்டு. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர்; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. சாதாரண பிளாஸ்டிக் ரெயின்கோட்டைப் போட்டுச் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும்: வெளியே மழை, உள்ளேயும் மழை. மணிக்கு 300, 400 கிராம் வியர்வை ஆவியாகி ரெயின்கோட்டின் உட்புறத்தில் படுகிறது. அங்கே மழைநீர் பட்டுக் குளிர்ந்த பரப்பு. இட்லிப் பானை மூடியின் உட்பக்கம் போல நீர் முத்துமுத்தாகக் கோத்துச் சொட்டுகிறது. ஆவி மறுபடி நீராகும்போது, எடுத்துச் சென்ற வெப்பத்தையும் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வியர்த்தும் குளிர்ச்சி இல்லை.

இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்ததுதான் ஆவி போகும், நீர் போகாத சவ்வு. 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், டெஃப்ளான் என்று நாம் தோசைக்கல்லில் அறிந்திருக்கும் பொருளின் கம்பியைச் சூடாக்கி மெதுவாக இழுத்து நீட்ட முயன்றார், அறுந்துகொண்டே இருந்தது. ஒருமுறை வெடுக்கென்று இழுத்தார். அது அறாமல் பல மடங்கு நீண்டு, நுண்ணிய துளைகள் நிறைந்த படலமாக மாறியது. அந்தத் துளை மழைத்துளியைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது, நீராவி மூலக்கூறைவிடச் சில நூறு மடங்கு பெரியது. கோர்டெக்ஸ் என்ற பெயரில் 1976-இல் விற்பனைக்கு வந்தது. இன்று அதே வேலையைச் செய்யும் சவ்வுகள் பல பெயர்களில், பல விலைகளில் கிடைக்கின்றன. இங்கே விற்பவற்றின் அட்டைகளிலும் 10,000, 20,000 என்று எண்கள் அச்சிட்டிருக்கும்.

அந்த எண்கள் இரண்டு வகை. ஒன்று நீரைத் தாங்கும் திறன்: 10,000 மில்லிமீட்டர் என்றால், துணியின் மேல் பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாது என்று பொருள். மழைத்துளி தரும் அழுத்தம் அதில் சிறு பங்குதான். பை மாட்டியிருக்கும் தோளில் மட்டும் கூடுதல் அழுத்தம் வரும். 5,000 இருந்தாலே நம் மழைக்குத் தாராளம், தையல்களின் மேல் உட்புறம் டேப் ஒட்டியிருந்தால். டேப் இல்லாத ரெயின்கோட் 20,000 போட்டிருந்தாலும் ஊசித்துளை வழியே ஒழுகும். கடையில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

இரண்டாவது எண் ஆவி போகும் திறன்: ஒரு சதுர மீட்டர் துணி வழியே 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் ஆவி போகிறது என்பது. 10,000 என்றால் மணிக்கு 400 கிராமுக்குச் சற்று மேல். நம் வியர்வைக்கு இது சரியாகப் போதுமே என்று தோன்றும். இங்கேதான் நம் ஊர்க் காற்று குறுக்கே வருகிறது. ஆவியைத் துணி வெளியே தள்ளுவதில்லை. உள்ளே ஆவியின் அழுத்தம் அதிகம், வெளியே குறைவு என்ற வித்தியாசமே அதைத் தள்ளுகிறது. அதிக எண் காட்டும் சில சோதனைகளில் துணியின் மறுபக்கம் ஈரத்தை உறிஞ்சும் உப்புக்கரைசலை வைக்கிறார்கள். வெளிப்பக்கம் எப்போதும் வறண்டே இருக்கும். வேப்பம்பட்டில் கார்த்திகை மழையில் அந்த வறட்சிக்கு எங்கே போவது?

புயல் செய்தியில் கேட்கும் மில்லிபாரிலேயே கணக்கிடலாம். 34 டிகிரியில் வியர்த்து நனைந்த தோலின் மேல் நீராவியின் அழுத்தம் சுமார் 53 மில்லிபார். வெளியே 24 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காடு என்றால் காற்றிலுள்ள நீராவியின் அழுத்தம் 28 மில்லிபார். வித்தியாசம் 25. அதே ஜெர்கினை ஊட்டியில், 6 டிகிரிக் குளிரில், 80 விழுக்காடு ஈரப்பதத்தில் போட்டால் வெளி அழுத்தம் ஏழரை மில்லிபார்தான். வித்தியாசம் 45-ஐத் தாண்டும். குளிர்நாட்டில் அந்தச் சவ்வைத் தள்ளும் விசையில் ஏறக்குறைய பாதிதான் இங்கே இருக்கிறது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியவர், 'ரெயின்கோட் மாதிரியே புழுங்குதே' என்று குறைப்பட்டால் அவர் சொல்வது உண்மை. துணியில் பழுதில்லை. அதைச் செய்தவர்கள் மனத்தில் வைத்த காற்று இது இல்லை.

வெளித்துணியின் மேல் உள்ள நீர்விலக்கிப் பூச்சையும் சொல்ல வேண்டும். புதிதாக வாங்கியபோது துளிகள் உருண்டோடும். சில மாதம் போனால் துணி நீரைக் குடித்துக் கறுக்கும். சவ்வு அப்போதும் நீரை உள்ளே விடாது. ஆனால் வெளியே ஒரு நீர்ப்படலம் படிந்துவிட்டதால் ஆவி வெளியேற இடமில்லை. இந்தப் பூச்சில் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்ட ஃப்ளூரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் நெடுங்காலம் தங்குபவை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2025 தொடக்கத்திலிருந்து துணிகளில் அவற்றைத் தடை செய்யத் தொடங்கியிருக்கிறது. கோர்டெக்ஸைச் செய்யும் கோர் நிறுவனமே 2022-இல் ஃப்ளூரின் இல்லாத பாலியெத்திலீன் சவ்வுக்கு மாறத் தொடங்கியது. ஏரிகளின் கரையில் வாழ்கிற நாம், வாங்கும்போது 'ஃப்ளூரின் இல்லாதது' என்ற குறிப்பைத் தேடுவது நல்லது. கொஞ்சம் சீக்கிரம் நனைந்தாலும் பரவாயில்லை.

அப்படியானால் மழையில் என்னதான் செய்வது? என் முடிவு இது. அரைமணி, முக்கால்மணி நேரப் பயணத்துக்கு, 24 டிகிரியில், மேலே சொன்ன மெல்லிய விண்ட்சீட்டரோடு நனைந்துகொண்டே போவதுதான் சரி. உள்ளே பாலியெஸ்டர் சட்டை, மேலே காற்று புகாத துணி. நனைந்த நீர் உடல்சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். காற்று அதைப் பறிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். மாற்று உடை பையில் நல்ல பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகிறவருக்கும், போய்ச் சேர்ந்த இடத்தில் உடை மாற்ற வழியில்லாதவருக்கும் மட்டுமே ரெயின்கோட். அதிலும் சவ்வின் எண்ணைவிட அக்குளில் ஜிப் இருக்கிறதா, முதுகின் குறுக்கே மடிப்புக்குள் மறைந்த திறப்பு இருக்கிறதா என்பதைப் பார்த்து வாங்குங்கள். ஒரு விரல் அகலத் திறப்பு வழியே ஓடும் காற்று வெளியேற்றும் ஆவியோடு எந்தச் சவ்வும் போட்டி போட முடியாது. தொளதொளவென்ற போஞ்சோ வகை மழையங்கி, கீழே திறந்திருப்பதால் புழுங்காது என்பது உண்மை. ஆனால் நெமிலிச்சேரி அருகே வெளிவட்டச் சாலையில், இருபுறமும் மறைப்பில்லாத உயரத்தில் குறுக்கே காற்று அடிக்கும்போது அது பாய் விரித்ததுபோல் ஊதிவிடும். அதன் ஓரம் சக்கரத்தில் சிக்கினால் ஆளையே கவிழ்க்கும். அந்தச் சாலையில் வேண்டவே வேண்டாம்.

உடையின் வெட்டு பற்றியும் ஒரு சொல். ஜெர்கினைக் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று போட்டுப் பார்க்கிறோம். ஓட்டுவதோ குனிந்து, கையை நீட்டி. கடையிலேயே ஒரு மேசையின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து பாருங்கள். இடுப்பு தெரிந்தால் பின்பக்கம் நீளம் போதாது. மணிக்கட்டு தெரிந்தால் கை நீளம் போதாது. மட்கார்டு இல்லாத சைக்கிளில் பின்சக்கரம் வாரியிறைக்கும் சேற்றுநீர் விழுவது சரியாக அந்த இடுப்பில்தான்.

நிறத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பளீரென்ற மஞ்சள் ஒளிர்நிறம், சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது. அதனால் மேகமூட்டத்திலும் அந்திநேரத்திலும் அது தனியாகத் தெரியும். ஆனால் விடியற்காலை ஐந்து மணி இருட்டில், திருவள்ளூர் நெடுஞ்சாலையில் லாரியின் ஹெட்லைட்டுக்கு முன்னால் அந்த மாயம் வேலை செய்யாது. அப்போது வேண்டியது, நுண்ணிய கண்ணாடி மணிகள் பதித்த வெள்ளிப் பட்டை. ஒளி எங்கிருந்து வந்ததோ அங்கேயே அதைத் திருப்பி அனுப்பும். ஜெர்கினின் முதுகில் அது இருந்தும், மேலே பையை மாட்டி மறைத்துவிடுகிறோம். கணுக்காலிலும் முழங்காலிலும் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டால், அது மேலும் கீழும் அசைவதைக் கண்டு, எதிரே இருப்பது மிதிக்கும் மனிதர் என்று ஓட்டுநர் வெகுதூரத்திலேயே அறிகிறார் என்று ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சில ரூபாய்ச் செலவு. ஜெர்கின் வாங்க முடியாதவர்களும் இதைச் செய்துவிட வேண்டும்.

இந்த வட்டாரத்தை நினைக்கும்போது எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில்தான் ஹெர்குலிஸையும் பி.எஸ்.ஏ.வையும் உருவாக்கி நாடெங்கும் அனுப்பியது. ஆவடியில் 1961 முதல் ராணுவ உடைத் தொழிற்சாலை நடக்கிறது. சிப்பாய்களின் சீருடையைத் தைக்கும் கைகள் இங்கேயே இருக்கின்றன. பின்னலாடைக்குத் திருப்பூர் இருக்கிறது. சைக்கிளும் தையலும் துணியும் ஒரே மாநிலத்தில் இருந்தும், இந்தக் காற்றில் சைக்கிள் மிதிப்பவருக்கென்று அளவெடுத்த ஒரு மேலாடை நம் கடைகளில் கண்ணில் படுவது அரிது. முன்பக்கம் நெருங்கிய நைலான், பின்பக்கம் வலைத்துணி, முழுநீள ஜிப், பின்னே நாலு விரற்கடை கூடுதல் நீளம். இதற்கு எந்த அயல்நாட்டுச் சவ்வும் தேவையில்லை. தெருமுனைத் தையற்காரரிடம் ஒரு பழைய விண்ட்சீட்டரைக் கொடுத்து, முதுகுத் துண்டை வெட்டி வலை வைத்துத் தைக்கச் சொன்னால் தைத்துக் கொடுப்பார். ஆலையில் தைத்தால் இன்னும் மலிவாக முடியும். இரவு ஷிப்டு முடிந்து மிதித்து வருகிற செக்யூரிட்டிக்காரர் வாங்கக்கூடிய விலையில் அது வர வேண்டும்.

மலைக்குச் சைக்கிளை எடுத்துப் போகிறவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும். 2008 முதல் டிசம்பரில் நடக்கும் டூர் ஆஃப் நீல்கிரிஸ் பயணத்தில் மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறுகிறார்கள். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் வேகம் எட்டு, பத்து கிலோமீட்டர்தான். காற்றே இல்லை, உழைப்போ உச்சத்தில். அங்கே ஜெர்கின் பின்பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும். உச்சியைத் தொட்டு மறுபக்கம் இறங்கும்போது எல்லாம் தலைகீழாகிவிடும். காற்று மணிக்கு 50 கிலோமீட்டர், கால்கள் ஓய்வில், சட்டை வியர்வையில். உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் ஆறரை டிகிரி வீதம் குளிர்ந்துபோன காற்று வேறு. விரல்கள் மரத்துப் பிரேக்கைப் பிடிக்க முடியாமல் போவது இங்கே உண்மையான ஆபத்து. முழுக்கக் காற்றுப்புகாத ஜெர்கின், கையுறை, நெஞ்சுக்கு ஓர் உலர்ந்த சட்டை மூன்றும் வேண்டும். போடுவதை உச்சியிலேயே, வண்டியை நிறுத்திய உடனே, உடல்சூடு இருக்கும்போதே செய்துவிட வேண்டும். நடுங்கத் தொடங்கிய பிறகு போட்டால் அடைத்து வைக்கச் சூடு மிச்சமிருக்காது. சவ்வு வைத்த விலையுயர்ந்த ஜெர்கின் தன் விலைக்கு வேலை செய்யும் இடமும் இதுதான். வருடத்துக்கு ஒருமுறை போகிறவர் அதை நண்பரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கியதைப் பாதுகாப்பது பற்றி ஒன்று. துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவத்தை ஊற்றக் கூடாது. அது இழைகளில் படிந்து நீர்விலக்கிப் பூச்சையும் வியர்வை கடத்தும் தன்மையையும் கெடுக்கும். சோப்பு முழுதாகப் போகும்வரை அலசி, காய்ந்த பின் மெல்லிய துணி ஒன்றை மேலே விரித்து, இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டால் பூச்சு ஓரளவு உயிர்பெறும். அதற்கு முன் உள்ளே தைத்த சீட்டில் இஸ்திரிக்குத் தடை இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ரெயின்கோட்டைக் கொல்வது பெரும்பாலும் மழையல்ல, பரண். உட்புறம் பூசிய பாலியூரித்தேன், வெப்பமும் ஈரமும் சேர்ந்த காற்றில் நாளடைவில் நீரோடு வினைபுரிந்து சிதையும். பிசுபிசுத்து, பிறகு தோலுரிந்து உதிரும். ஈரத்தோடு மடித்து பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் இது விரைவில் நடக்கும். தை முடிந்ததும் நன்றாகக் காயவைத்து, மடிக்காமல், காற்றோட்டமுள்ள இடத்தில் தொங்கவிடுங்கள். ஐப்பசி பிறக்குமுன் ஒருமுறை எடுத்து உட்புறத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பூச்சு உரிந்து வந்தால் அது இனி மழைக்கு உதவாது. மிச்சத்தையும் தேய்த்து எடுத்துவிட்டு, மார்கழி விடியலுக்கு விண்ட்சீட்டராக வைத்துக்கொள்ளலாம்.